விரைவும் தெளிவும்: லோஸ் ரோதேயோஸ் ஓடுபாதையில் ஒரு சொல்

காலவழுவமைதியைக் கற்பிக்கும் தமிழாசிரியர் பெரும்பாலும் ஒரே வகை எடுத்துக்காட்டைத்தான் கூறுவார். வாசலில் நண்பன் காத்திருக்கிறான். உள்ளே இருப்பவன் இன்னும் சட்டைகூட மாற்றவில்லை. "கிளம்பிவிட்டாயா?" என்று வெளியிலிருந்து குரல் வருகிறது. "இதோ, வந்துவிட்டேன்!" என்று உள்ளிருந்து விடை செல்கிறது. செயல் இனிமேல்தான் நிகழவேண்டும். வினைமுற்றோ இறந்தகாலத்தில் நிற்கிறது. இதைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் வினையியலில் ஏற்றுக்கொள்கிறார். விரைவு காரணமாக எதிர்காலமும் நிகழ்காலமும் இறந்தகால வடிவில் கூறப்படலாம் என்பது அவர் தரும் இசைவு. பிற்காலத்தில் நன்னூலார் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் காரணங்களை ஒருங்கே கூறினார். இங்குத் தெளிவு என்பது பேசுவோனின் உறுதிப்பாடு. வானம் கறுத்து வருவதைக் கண்டவன் ஒரு துளியும் விழுமுன்பே "மழை வந்துவிட்டது" என்பான். அவனுக்கு ஐயமே இல்லை.

இவை வழுவே ஆயினும் அமைத்துக்கொள்ளத்தக்க வழு. கேட்பவன் சூழலைக் கண்டு பொருளைச் சரிசெய்துகொள்வான் என்னும் நம்பிக்கையே இந்த அமைதிக்கு அடிப்படை. வாசலில் நிற்கும் நண்பனுக்கு இன்னும் பத்து நிமிடம் ஆகும் என்று தெரியும். அவன் ஏமாறுவதில்லை.

கேட்பவனால் சூழலைக் காண இயலாத ஓர் இடத்தில் இத்தகைய பேச்சு நிகழுமானால் என்ன ஆகும்? இவ்வுரையில் நாம் எடுத்துக்கொண்ட வினா இது. இதற்கு விடை காணக் கேனரித் தீவுகளில் உள்ள ஒரு வட்டார விமான நிலையத்திற்குச் செல்லவேண்டும். நாள், 1977ஆம் ஆண்டு மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை.

சிறிய நிலையம், பெரிய சுமை

ஸ்பெயின் நாட்டுக்குரிய கேனரித் தீவுகள் ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் உள்ளன. அவற்றுள் ஒன்றான தெனெரிஃபேயின் வடபகுதியில் லோஸ் ரோதேயோஸ் விமான நிலையம் அமைந்துள்ளது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 630 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு இடைப்பட்ட மேட்டுநிலத்தில் அது இருக்கிறது. கடற்காற்று மேகங்களை அவ்வழியே தள்ளிச் செல்லும். அங்கே மூடுபனி என்று சொல்லப்படுவது பெரும்பாலும் தரையைத் தொட்டு நகரும் மேகமே. ஒரு நிமிடம் ஓடுபாதை தெரியும். அடுத்த நிமிடம் மறையும்.

அன்று அங்கே இருந்த அமைப்பு எளியது. 3,400 மீட்டர் நீளமுள்ள ஒரே ஓடுபாதை. அதற்கு இணையாக விமானங்கள் ஊர்ந்து செல்லும் ஒரு பாதை. இரண்டையும் இணைக்கும் சில குறுக்குப் பாதைகள். தரையில் நிற்கும் விமானங்களைத் திரையில் காட்டும் ரேடார் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆகையால் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பணியிலிருந்தோர் இருவர். வழக்கமான போக்குவரத்துக்கு அது போதும்.

அன்று பிற்பகல், அண்டைத் தீவான கிரான் கனாரியாவின் விமான நிலையத்தில் இருந்த மலர்க்கடை ஒன்றில் குண்டு வெடித்தது. தீவுகளின் விடுதலையை வேண்டிய ஓர் இயக்கத்தின் செயல் அது. இரண்டாவது குண்டும் உண்டு என்று மிரட்டல் வந்ததால் அந்த நிலையம் மூடப்பட்டது. அங்கே இறங்கவேண்டிய விமானங்கள் லோஸ் ரோதேயோஸுக்குத் திருப்பிவிடப்பட்டன. அவற்றுள் இரண்டு, போயிங் 747 வகையைச் சேர்ந்த பேருருவங்கள். ஒன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து விடுமுறைப் பயணிகளை ஏற்றிவந்த கேஎல்எம் 4805. மற்றொன்று லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் வழியாக, கப்பல் உலாவுக்குச் செல்வோரை ஏற்றிவந்த பான் ஆம் 1736.

வந்த விமானங்களை நிறுத்த இடமில்லை, இணைப்பாதையிலேயே நிறுத்தினர். இந்த ஒரு முடிவால் நிலையத்தின் இயக்கமே மாறிவிட்டது. புறப்படும் விமானம் ஊர்ந்து செல்லவேண்டிய பாதை அடைபட்டதால், ஓடுபாதையின் மேலேயே மறுமுனை வரை ஊர்ந்து சென்று, அங்கே திரும்பி நின்று, வந்த வழியே விரைந்தோடி மேலெழவேண்டும் என்றாயிற்று. ஊர்வதற்கும் பறப்பதற்கும் ஒரே பாதை. அதில் எந்த நொடியில் யார் எங்கே இருக்கிறார் என்பதைக் கோபுரம் வானொலியில் கேட்டுத்தான் அறியமுடியும்.

மாலையில் கிரான் கனாரியா மீண்டும் திறக்கப்பட்டது. கேஎல்எம் அப்போது எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தது. அதன் பின்னே நின்ற பான் ஆம், சில மீட்டர் இடைவெளி போதாமையால் விலகிச் செல்ல இயலாமல் காத்திருந்தது. இதற்குள் மேகமும் இறங்கிவிட்டது. டச்சு நாட்டின் பணிநேரச் சட்டம் கடுமையானது. குறித்த நேரத்திற்குள் புறப்படாவிட்டால் கேஎல்எம் குழுவினர் அன்றிரவு தீவிலேயே தங்க நேரும். தலைமை விமானி யாகோப் வான் சான்டன் அந்நிறுவனத்தின் தலைமைப் பயிற்றுநருள் ஒருவர். அவரிடம் விரைவு இருந்தது. அது தீயநோக்கம் அன்று. பணியை முடிக்கவேண்டும் என்னும் பொறுப்பிலிருந்து பிறந்தது.

"மூன்றாவது" என்றால் எது?

கேஎல்எம் ஓடுபாதையின் மறுமுனை நோக்கி ஊர்ந்தது. பான் ஆம் அதைப் பின்தொடர்ந்து சென்று, இடப்புறம் மூன்றாவது குறுக்குப் பாதையில் விலகவேண்டும் என்று கோபுரம் பணித்தது. பான் ஆம் அறைக்குள் ஐயம் எழுந்தது. தலைமை விமானியின் காதில் 'முதலாவது' என்று விழுந்ததுபோல் இருந்தது. துணைவிமானி மீண்டும் கேட்டார். "மூன்றாவது; ஒன்று, இரண்டு, மூன்று; மூன்றாவது" என்று கோபுரம் எண்ணியே காட்டியது.

எண்ணிக்காட்டியும் ஐயம் தீரவில்லை. வரிசையெண் எப்போதும் ஒரு தொடக்கப்புள்ளியை வேண்டி நிற்கும். எங்கிருந்து எண்ணுவது என்பது பேசுவோன் மனத்தில் இருக்கும், சொல்லில் இராது. மேலும், மூன்றாவது குறுக்குப் பாதையில் திரும்புவதாயின் விமானம் ஏறத்தாழ 148 பாகை வளைந்து, வந்த திசையையே நோக்கவேண்டும். அத்தனை பெரிய விமானத்திற்கு அது கடினமான திருப்பம். நான்காவது பாதையோ இயல்பாக வளைந்து செல்வது. மேகத்துக்குள் பாதைகளைத் தேடிச் சென்ற பான் ஆம் மூன்றாவதைக் கடந்து நான்காவதை நோக்கி ஊர்ந்தது.

இதை வாசிக்கும்போது நமக்கு நம் தவறொன்று நினைவுக்கு வரும். ஆசிரியப் பயிற்சி மாணவர்களிடம் ஒரு புதன்கிழமை, "தேர்வு அடுத்த வெள்ளிக்கிழமை" என்றோம். "புரிந்ததா?" என்றும் கேட்டோம். "புரிந்தது ஐயா" என்று வகுப்பு ஒருவாய்ப்படச் சொன்னது. இரண்டு நாள் கழித்து வந்த வெள்ளியன்று பாதிப்பேர் வந்து அமர்ந்திருந்தனர். மற்றவர் அதற்கடுத்த வெள்ளிக்காகப் படித்துக்கொண்டிருந்தனர். நாம் எண்ணியது பின்னதை. 'அடுத்த' என்பதை எங்கிருந்து எண்ணுவது என்று நாமும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மொழியியல் கற்பிக்கும் வகுப்பில் இது நிகழ்ந்தது என்பதே நமக்கு நாணம். தேர்வைத் தள்ளிவைத்தோம். வேறு இழப்பில்லை.

அனுமதி என்னும் சொல்

கேஎல்எம் ஓடுபாதையின் முனையில் திரும்பி நின்றதும் தலைமை விமானி விசையைச் சற்றே கூட்டினார். இன்னும் அனுமதி வரவில்லை என்று துணைவிமானி நினைவூட்டினார். "தெரியும், கேளும்" என்னும் பொருள்படத் தலைமை விமானி விடையிறுத்தார். துணைவிமானி கோபுரத்தை அழைத்து, தாம் மேலெழ ஆயத்தம் என்றும், அனுமதிக்காகக் காத்திருப்பதாகவும் கூறினார்.

விமானம் ஒன்று புறப்பட இருவகை அனுமதி வேண்டும். மேலெழுந்தபின் எவ்வழியே, எவ்வுயரத்தில் செல்லவேண்டும் என்பது வழியனுமதி. இப்போது ஓடுபாதையில் விரைந்து மேலெழலாம் என்பது புறப்பாட்டு அனுமதி. இரண்டும் வெவ்வேறானவை. முன்னது மட்டும் பெற்றவர் நகரக்கூடாது. ஆயினும் ஆங்கில வானொலி வழக்கில் இரண்டையும் 'கிளியர்ட்' என்னும் ஒரே சொல் சுமக்கிறது. ஓடுபாதையிலிருந்து விலகிவிட்ட நிலையையும் 'கிளியர்' என்றே குறித்தனர். ஒரு சொல், மூன்று பணி.

கோபுரம் அப்போது தந்தது வழியனுமதி மட்டுமே. ஆனால் அந்த வாக்கியத்தின் நடுவே 'டேக்-ஆஃபுக்குப் பின் வலப்புறம் திரும்புக' என்றொரு தொடர் இருந்தது. டேக்-ஆஃப் என்னும் சொல்லுக்காகச் செவியைத் தீட்டிக் காத்திருந்தவர்களின் காதில் அச்சொல் விழுந்தது. எதிர்பார்க்கும் சொல்லையே செவி முதலில் பற்றும் என்பதை மொழி கற்பிப்போர் அனைவரும் அறிவர். கேட்டல் தேர்வில் மாணவன் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாக்கியத்தை விட்டுவிடுவது நாள்தோறும் நாம் காண்பது.

துணைவிமானி வழியனுமதியை விதிப்படி திரும்பக் கூறத் தொடங்கினார். அவர் கூறி முடிக்குமுன்பே தலைமை விமானி, "போகிறோம்" என்று டச்சு மொழியில் சொல்லி விசையை முன்னே தள்ளினார். விமானம் ஓடத் தொடங்கியது. திரும்பக் கூறிய உரையின் கடைசியில் துணைவிமானி அவசரமாக ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்: "வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்."

இடமா, செயலா?

அந்த வாக்கியத்தை ஆராயாத வானியல் பயிற்சி நிலையம் இல்லை எனலாம். ஒலிப்பதிவைக் கேட்டோருள் சிலர் அதை 'டேக்கிங் ஆஃப்' என்பதாகவும் கேட்டனர். 'அட் டேக்-ஆஃப்' என்பது இயல்பான ஆங்கில வழக்கன்று. கோபுரத்தில் இருந்தவர் ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர். 'மேலெழும் இடத்தில் நிற்கிறோம். ஆயத்தம்' என்று அவர் பொருள்கொண்டார். சொன்னவர் கருதியதோ 'மேலெழுந்துகொண்டிருக்கிறோம்' என்பதே.

டச்சு மொழியில் ஒரு செயல் நிகழ்ந்துகொண்டிருப்பதைக் குறிக்க, இடப்பொருள் தரும் முன்னிடைச்சொல்லோடு வினையைச் சேர்த்துக் கூறும் அமைப்பு உண்டு. பதற்றத்தில் தாய்மொழியின் அமைப்பு ஆங்கிலச் சொற்களுக்குள் புகுந்திருக்கலாம் என்று மொழியியலார் சிலர் கருதினர். இரண்டு மொழி அறிந்தவர் எவருக்கும் இது நேரும். நம் வட்டாரத்தில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் நாள்தோறும் பேசும் மாணவர்க்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

தமிழிலும் இதே இடர்ப்பாடு உண்டு. 'நிலையத்தில் இருக்கிறோம்' என்றால் இடம். 'பயணத்தில் இருக்கிறோம்' என்றால் செயல். வேற்றுமை உருபு ஒன்றே, பொருள் இரண்டு. 'புறப்படுகிறோம்' என்னும் நிகழ்கால வினைமுற்றை எடுத்துக்கொள்வோம். சக்கரம் உருளும்போதும் அதைச் சொல்லலாம். 'நாளைக் காலை புறப்படுகிறோம்' என்றும் சொல்லலாம். அந்தக் கோபுரத்திலும் விமானத்திலும் இருந்தவர் அனைவரும் தமிழரே ஆயினும் அந்த ஐயம் அப்படியே இருந்திருக்கும். ஆகவே பழியை ஒரு மொழியின் மீதோ, ஒருவரின் ஆங்கிலப் புலமையின் மீதோ போடுவது எளிது, பயனற்றது.

கோபுரம் "ஓகே" என்றது. சற்றே இடைவெளி விட்டு, "டேக்-ஆஃபுக்குக் காத்திருங்கள், அழைக்கிறேன்" என்றது. அதே வேளையில் பான் ஆம் விமானி, கேஎல்எம் சொன்னதைக் கேட்டு அச்சமுற்று, "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் ஊர்ந்துகொண்டிருக்கிறோம்" என்று அறிவித்தார். இருவரும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசினால் அந்த வகை வானொலியில் இரண்டு குரலும் கலந்து ஒரு கீச்சொலியாக மாறும். கேஎல்எம் அறையில் "ஓகே" மட்டும் தெளிவாகக் கேட்டது. அதன்பின் வந்த இரண்டு எச்சரிக்கைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன.

'ஓகே' என்பது நாம் உரையாடலில் இடும் 'ம்', 'சரி' போன்றது. 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றும் பொருள்படும். 'ஒப்புக்கொள்கிறேன்' என்றும் பொருள்படும். சில வேளை எப்பொருளும் இல்லாமல் அடுத்த வாக்கியத்திற்கு முன்னோட்டமாகவும் வரும்.

ஒரு வினா, ஒரு விடை

இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. கோபுரம் பான் ஆமிடம், ஓடுபாதையிலிருந்து விலகியதும் அறிவிக்கும்படி கேட்டது. "விலகியதும் அறிவிக்கிறோம்" என்று பான் ஆம் விடை தந்தது. இந்த உரையாடல் கேஎல்எம் அறையில் கேட்டது. ஓட்டத்திலும் விசையிலும் கவனம் செலுத்திய விமானிகள் இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னிருக்கையில் இருந்த விமானப் பொறியாளர் பொருட்படுத்தினார். "அப்படியானால் அவர் இன்னும் விலகவில்லையா?" என்று டச்சு மொழியில் கேட்டார். "என்ன சொல்கிறீர்?" என்றார் தலைமை விமானி. "விலகவில்லையா, அந்தப் பான் அமெரிக்கன்?" என்று பொறியாளர் மீண்டும் கேட்டார். "விலகிவிட்டார்" என்று தலைமை விமானி அழுத்தமாகக் கூறினார்.

டச்சு மொழியில் எதிர்மறை வினாவை மறுத்து உடன்பாட்டுப் பொருளை நாட்டுவதற்கென்றே தனிச்சொல் இருக்கிறது. தலைமை விமானி அச்சொல்லைத்தான் கூறினார். தமிழில் அத்தகைய தனிச்சொல் இல்லை. 'வரவில்லையா?' என்று கேட்டால், 'ஆம், வரவில்லை' என்றோ 'இல்லை, வந்துவிட்டார்' என்றோ முழுதாகச் சொல்லவேண்டும். ஆகவே அந்த விடையில் மொழியளவில் சிறிதும் ஐயமில்லை. விடை தவறாக இருந்தது, அவ்வளவே. வானம் கறுத்ததைக் கண்டு 'மழை வந்துவிட்டது' என்பவனின் உறுதிப்பாடு அதில் இருந்தது. நன்னூலார் கூறும் தெளிவு அதுவே. சற்று முன்னே விரைவு, இப்போது தெளிவு. காலத்தை முன்னே இழுக்கும் காரணங்கள் இரண்டும் ஒரே அறையில், ஒரே நிமிடத்தில் கூடின.

வினாவின் வடிவமும் எண்ணத்தக்கது. பொறியாளர் ஐயுற்றது சரி. ஆனால் தமக்கு மூத்தவரிடம், பலருக்குப் பயிற்சி அளித்தவரிடம், 'நிறுத்துங்கள்' என்று அவர் சொல்லவில்லை. எதிர்மறை வினாவாகப் பணிவோடு கேட்டார். பெரியோர் முன் நம் பிள்ளைகளும் ஐயத்தை வினாவாக்கித்தான் சொல்வர். அது நற்பண்பு. அழுத்தமான விடை ஒன்று கிடைத்ததும் அந்தப் பண்பே அவர்தம் வாயை மூடிவிடுகிறது.

சில நொடிகளில் மேகத்துக்குள் பான் ஆமின் உருவம் தெரிந்தது. கேஎல்எம் தலைமை விமானி விமானத்தை மேலே தூக்க முயன்றார். பான் ஆம் விமானிகள் ஓடுபாதையைவிட்டு விலக முயன்றனர். இரண்டும் இயலவில்லை. கேஎல்எம்மில் இருந்த 248 பேரும் இறந்தனர். பான் ஆமில் இருந்த 396 பேரில் 335 பேர் இறந்தனர். 61 பேர் உயிர்தப்பினர். மொத்தம் 583 உயிர்கள். விமான விபத்துகளில் இன்றுவரை இதனினும் மிகுதியான உயிர்ச்சேதம் நேர்ந்ததில்லை. இரண்டு விமானங்களிலும் இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை.

சொல்லுக்கு வேலி

ஸ்பானிய ஆய்வுக்குழு, அனுமதியின்றிப் புறப்பட்டதையே அடிப்படைக் காரணமாகக் கண்டது. டச்சுத் தரப்பு, இருபக்கத்துப் பொருள்மயக்கத்தையும் சேர்த்துக் காணவேண்டும் என்றது. இழப்பீட்டுப் பொறுப்பை இறுதியில் கேஎல்எம் ஏற்றது. வழக்குகள் முடிந்தபின் எஞ்சி நின்றவை சொல்வழக்கில் ஏற்பட்ட மாற்றங்களே.

முதலாவது, டேக்-ஆஃப் என்னும் சொல்லுக்கு வேலியிட்டனர். புறப்பாட்டு அனுமதி தரும்போதும் அதை நீக்கும்போதும் மட்டுமே அச்சொல் வரவேண்டும். மற்ற இடங்களிலெல்லாம் 'டிபார்ச்சர்' என்னும் சொல்லே வரும். இரண்டாவது, ஓடுபாதை தொடர்பான ஆணைகளுக்கு 'ஓகே', 'ரோஜர்' என்னும் ஒற்றைச் சொல் விடையாகாது. கேட்டவர் ஆணையின் உள்ளடக்கத்தையே திரும்பக் கூறவேண்டும். மூன்றாவது, விமானி அறையில் இளையவர் ஐயுற்றால் அதை வெளிப்படையாகச் சொல்லவும், மூத்தவர் அதைக் கேட்கவும் பயிற்சி அளிக்கத் தொடங்கினர். 1979இல் நாசா நடத்திய பயிலரங்கு இதற்கு வழிவகுத்தது. 1981இல் யுனைடெட் நிறுவனம் அதை முறையான பாடமாக்கியது.

விதி எழுதப்பட்டதும் பிழை ஒழிந்துவிடவில்லை. அதற்குச் சான்று நம் வாசலிலேயே உண்டு. 1989 பிப்ரவரி 19 அன்று, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் சுபாங் விமான நிலையத்திற்குச் சென்ற ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு விமானம் புச்சோங் அருகே குன்றில் மோதியது. விமானத்தில் இருந்த நால்வரும் இறந்தனர். 2,400 அடிக்கு இறங்கும்படி கட்டுப்பாட்டாளர் கூறும்போது, 'டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று இலக்கங்களை அடுக்கினார். முதலில் வந்த 'டூ', எண்ணாகவும் கொள்ளத்தக்கது. 'வரை' என்னும் பொருள்தரும் இடைச்சொல்லாகவும் கொள்ளத்தக்கது. விமானியின் செவியில் '400 வரை' என்று விழுந்தது. "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று அவர் திரும்பக் கூறினார். திரும்பக் கூறுதல் நிகழ்ந்தது. அதில் இருந்த பிழை திருத்தப்படவில்லை. 'இரண்டாயிரத்து நானூறு அடி' என்று முழு எண்ணாகச் சொல்லியிருந்தால் மயக்கத்திற்கு இடமே இராது.

தமிழில் நான்காம் வேற்றுமை உருபு எண்ணுக்குப் பின்னே ஒட்டுவதால் இந்த ஒரு மயக்கம் நமக்கு இல்லை. வேறு உண்டு. தொலைபேசியில் 'இருபது' என்றதை 'அறுபது' என்று எழுதிக்கொண்ட கடைக்காரர் எத்தனை பேர்! வானொலி வழக்கில் ஆங்கிலத்தின் 'நைன்' என்பதை 'நைனர்' என்று நீட்டிச் சொல்வதும் இத்தகைய மயக்கத்தைத் தவிர்க்கவே.

2003இல் பன்னாட்டுப் பொது வான்போக்குவரத்து அமைப்பு, பன்னாட்டு வழிகளில் பறக்கும் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் மொழித்திறன் அளவுகோல் ஒன்றை ஏற்படுத்தியது. ஒலிப்பு, அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், ஊடாடல் என ஆறு கூறுகளில் அது திறனை அளக்கிறது. ஆறு நிலைகளில் நான்காம் நிலை பணிக்குக் குறைந்தபட்சத் தகுதி. ஊடாடல் என்னும் கூறு ஆசிரியர்கள் கவனிக்கத்தக்கது. புரியவில்லை என்று தோன்றும்போது கேட்டு உறுதிசெய்யத் தெரிகிறதா என்பதையும் அங்கே சோதிக்கின்றனர். நம் வாய்மொழித் தேர்வுகளில் தடையின்றிப் பேசும் மாணவனுக்கு மதிப்பெண் தருகிறோம். "மன்னிக்கவும், நீங்கள் சொன்னதன் பொருள் இதுவா?" என்று இடைநிறுத்திக் கேட்கும் மாணவனுக்கு நாம் என்ன தருகிறோம்?

நிறைவாக

தெனெரிஃபேயின் தென்பகுதியில், மேகம் குறைந்த இடத்தில், 1978 நவம்பரில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டது. லோஸ் ரோதேயோஸ் இன்று தெனெரிஃபே வடக்கு நிலையம் என்னும் பெயரோடு, பெரும்பாலும் தீவுகளுக்கிடையே பறக்கும் வட்டார விமானங்களுக்குப் பணியாற்றுகிறது. விபத்தின் 30ஆம் ஆண்டு நிறைவான 2007 மார்ச் 27 அன்று, அருகிலுள்ள மேசா மோத்தா குன்றில் சுருள் படிக்கட்டு வடிவிலான நினைவுச்சின்னம் நிறுவப்பட்டது.

தொல்காப்பியரும் நன்னூலாரும் வழுவை அமைத்துக்கொண்டது மொழியின் உயிரோட்டத்தை உணர்ந்ததால். 'இதோ வந்துவிட்டேன்' என்பவனைத் திருத்தப் புகும் ஆசிரியர் மொழியறியாதவர். அந்த உரிமையை வீட்டிலும் தெருவிலும் இலக்கியத்திலும் நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் முகம் காண இயலாத இடங்கள் வாழ்வில் பெருகிவருகின்றன. மருந்தின் அளவைத் தொலைபேசியில் கேட்கும் மகள், கட்டுமானத் தளத்தில் மேலிருந்து குரல்கொடுக்கும் மேலாளர், குறுஞ்செய்தியில் வீட்டுப்பாடம் தரும் ஆசிரியர் ஆகிய அனைவரும் மேகத்துக்குள் நின்றுதான் பேசுகின்றனர். எந்த இடத்தில் எந்த உரிமை செல்லும் என்று மாணவனுக்குக் காட்டுவதும் இலக்கணப் பாடமே.

நாம் 'புரிந்ததா?' என்று கேட்பதை விட்டுவிட்டோம். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பின், தேர்வு எந்த நாளில், எந்த அறையில், எத்தனை மணிக்கு என்பதைப் பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து தம் சொற்களில் கூறும்வரை வகுப்பை முடித்ததில்லை. மாணவர்கள் முதலில் சிரித்தனர். பிறகு, நாம் கேட்பதற்கு முன்பே அவர்களே எழுந்து சொல்லத் தொடங்கினர். ஓரிரு முறை, சொன்ன நாள் தவறு என்று நம்மையே திருத்தினர்.